பூவர் ஐயரும் அன்டர்சனும்: வட்டுக்கோட்டைச் செமினறி மூடப்பட்ட கதை

1855ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத் தொடக்கத்தில் மானிப்பாயில் வாந்திபேதி கண்டு டானியல் பூவர் என்ற அமெரிக்கப் பாதிரியார் காலமானார். 1816இல் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கிய முதலாவது அமெரிக்க மிஷனரிக் குழுவில் ஒருவர் அவர். வட்டுக்கோட்டைச் செமினறி என்று நம்மவர் இன்றும் பெருமையோடு நினைவுகூரும் கலாசாலையை 1823இல் தொடக்கி, பன்னிரண்டு ஆண்டுகள் அதன் அதிபராயிருந்து வளர்த்தவரும் அவரே. அவர் இறந்த அதே ஆண்டில் அந்தக் கலாசாலையும் இழுத்து மூடப்பட்டது.

அதை மூடியவர்கள் சைவர்களல்லர், பிரித்தானிய அரசாங்கமுமன்று. பூவரை இங்கே அனுப்பிவைத்த பொஸ்ரன் நகரத்துத் தலைமைச் சங்கத்தின் செயலாளர் றூபஸ் அன்டர்சன் நேரில் வந்து பார்த்து விட்டு, மூடும்படி சொன்னார். காரணம், செமினறி தோற்றுப்போனது என்பதன்று. அது வேறு எதிலோ வெற்றி பெற்றுவிட்டது என்பதே.

செமினறியைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் அங்கு படித்த அறிஞர்களின் பட்டியலாக முடிந்துவிடுகின்றன. அந்தப் பட்டியலை நானும் பத்திரிகையில் இரண்டு மூன்று முறை எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தக் கலாசாலை எதற்காக நிறுவப்பட்டது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. உள்ளூர் சபைகளுக்கு உள்ளூர்த் தலைவர்களைப் பயிற்றுவிப்பதற்காகவே அது தொடங்கப்பட்டது. பிற பண்பாட்டிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர், தமது மதத்தின் தலைமையை இன்னொரு பண்பாட்டில் பிறந்த மாணவனிடம் கையளிப்பது எப்படி? எந்த மொழியில்? எவ்வளவு காலத்தில்? கையளித்த பின்னர் அந்த ஆசிரியருக்கு என்ன வேலை? 1855இல் வட்டுக்கோட்டையில் எழுந்த சண்டை இதுதான். அது இன்னும் முடிந்துவிடவில்லை.

அமெரிக்கர் யாழ்ப்பாணத்துக்கு வந்தது ஓரளவு தற்செயல். இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பனி அவர்களை விரும்பவில்லை. இலங்கை முடிக்குரிய குடியேற்ற நாடாக இருந்தது. இங்கிருந்த தேசாதிபதி இடமளித்தார். வடக்கில் போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் பயன்படுத்திக் கைவிட்ட கோயில்கள் பாழடைந்து கிடந்தன. தெல்லிப்பழையில் பூவரும் எட்வேட் வாறனும், வட்டுக்கோட்டையில் ஜேம்ஸ் றிச்சட்ஸும் பெஞ்சமின் மெய்க்ஸும் அமர்ந்தனர். வாறன் 1818இல் நோயாளியாகிக் கடல் வழியில் நன்னம்பிக்கை முனையில் இறந்தார். றிச்சட்ஸ் 1822இல் இறந்தார். நான்கு பேரில் இரண்டு பேர் ஆறு ஆண்டுகளுக்குள் போய்விட்டனர்.

இடையில் 1820இல் ஒரு தடை வந்தது. பதில் தேசாதிபதியாயிருந்த எட்வேட் பார்ன்ஸ், இனி அமெரிக்க மிஷனரிமார் எவரும் புதிதாக வரக்கூடாது என்று கட்டளையிட்டார். இந்தத் தடை 1833 வரை நீடித்தது. ஆகவே உள்ளூர்வாசிகளைப் பயிற்றுவிப்பது என்பது அவர்களுக்கு ஒரு கொள்கையாவதற்கு முன்னரே தவிர்க்க முடியாத தேவையாகிவிட்டது. உள்ள மிஷனரி இறந்தால் பதிலுக்கு ஆள் வராது. ஆகவே பதிலாளை இங்கேயே உருவாக்க வேண்டும். மிஷன் வரலாறுகளில் தீர்க்கதரிசனம் என்று போற்றப்படுபவற்றுள் சில இப்படி நெருக்கடியில் பிறந்தவையே.

உள்ளூர் ஊழியர் முன்னர் இல்லாமலில்லை. அமெரிக்கர் வந்தபோது யாழ்ப்பாணத்தில் கிறிஸ்தியன் தாவீது என்ற தமிழ்ப் போதகர் ஏற்கெனவே பணிசெய்துகொண்டிருந்தார். தஞ்சாவூர் சுவார்ட்ஸ் ஐயரின் மாணவர் அவர். 1824இல் கல்கத்தாவில் ஆயர் ஹீபர் அவருக்குக் குருப்பட்டம் அளித்தார். அவருக்கும் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர், 1733இலேயே தரங்கம்பாடியில் ஆரோன் என்ற தமிழர் லுத்தரன் சபையின் போதகராக அபிஷேகம் பெற்றிருந்தார். ஆனால் இவர்கள் தனித்தனி மனிதர்கள். ஓர் ஐயரின் அருகிலிருந்து, அவரைப் பார்த்துப் பழகி வளர்ந்தவர்கள். பூவர் செய்ய விரும்பியது வேறு. அவர் ஒரு கல்லூரியைக் கட்டவிரும்பினார்.

1823இல் அவர் வெளியிட்ட திட்டம் இன்று படித்தாலும் வியப்பூட்டக் கூடியது. தமிழ், சமஸ்கிருதம், ஆங்கிலம் மூன்றும் கற்பிக்கப்படும். கணிதம், வானசாஸ்திரம், தர்க்கம், மெய்யியல் எல்லாம் உண்டு. வேதாகமம் எல்லாவற்றுக்கும் அடித்தளம். கல்லூரி என்ற உரிமைப் பத்திரத்தை அரசாங்கம் கொடுக்க மறுத்தபடியால் அது செமினறி என்ற பெயரோடு அமைந்தது. தமிழ் இலக்கியத்தை விட்டுவிட்டு ஆங்கிலத்தைப் பிடித்த கலாசாலைகள் ஆசியாவெங்கும் உண்டு. வட்டுக்கோட்டை அப்படியன்று. தமிழ் இலக்கணமும் குறளும் படிக்காதவன் யாழ்ப்பாணத்தில் ஒரு சபையின் முன் நின்று பேச முடியாது என்பதைப் பூவர் விளங்கிக்கொண்டிருந்தார். சைவப் பண்டிதர் எதிரே வந்து ஒரு செய்யுளைச் சொல்லிப் பொருள் கேட்டால், பதில் சொல்லத் தெரியாத போதகரை ஊர் மதிக்காது. ஊரார் எதை மதிக்கிறார்கள் என்பதை அறிந்துகொண்டே அவர் பாடத்திட்டத்தை வகுத்தார்.

ஆனால் ஊரார் மதிப்பது எதை என்ற கேள்விக்கு இன்னொரு விடையும் இருந்தது: சாதி. மாணவர்களுட் பெரும்பாலோர் வேளாளர். மிஷன் வளவுக்குள் சமைத்ததை உண்ண மறுத்தனர். சமையற்கட்டை அயலிலிருந்த சைவர் ஒருவரின் காணியில் அமைக்க வேண்டியதாயிற்று. எமர்சன் டெனன்ற் 1850இல் வெளியிட்ட நூலில் ஒரு கிணற்றுக் கதை சொல்கிறார். ஐயர்மார் புழங்கியதால் கிணறு தீட்டுப்பட்டது என்று மாணவர் கருதினர். நாள் முழுதும் நின்று இறைத்தார்கள். கிணறு வற்றவில்லை, ஊற்று ஊறிக்கொண்டே இருந்தது. கடைசியில், தீட்டுப்பட்டபோது இருந்த அளவு தண்ணீர் முழுவதையும் இறைத்தாயிற்று, மிகுதி புதுத்தண்ணீர்தானே என்று கணக்குப்போட்டு மனந்தேறி அதைக் குடித்தார்களாம். கணிதத்திலே யாழ்ப்பாணத்தான் கெட்டிக்காரன் என்பதற்கு இதைவிடப் பழைய ஆதாரம் எனக்குக் கிடைக்கவில்லை. சிரித்துவிட்டுப் போகக்கூடிய கதையன்று. நாளைக்கு ஒரு சபையை மேய்க்க வேண்டியவர்கள் இவர்கள். அந்தச் சபையில் வேளாளர் மட்டுமா இருக்கப்போகிறார்கள்? இந்தக் கேள்விக்குச் செமினறி ஒருபோதும் தெளிவான விடை காணவில்லை என்பதே எனது அபிப்பிராயம்.

பெயர் விடயமும் உண்டு. அமெரிக்காவில் ஒருவர் சிறு தொகையை ஆண்டுதோறும் அனுப்பினால், அந்தப் பணத்தில் படிக்கும் யாழ்ப்பாணத்துப் பையனுக்குத் தாம் விரும்பிய பெயரை இடலாம். கரோல், ஆனல்ட், நெவின்ஸ், எவாட்ஸ் என்று நம்மூர்ப் பிள்ளைகளுக்கு வந்த பெயர்கள் இவ்வாறு வந்தவையே. கண்ணால் காணாத நியூ இங்கிலாந்துக் கனவான்களின் பெயரைச் சுமந்துகொண்டு, கரோல் விசுவநாதபிள்ளையும் ஆனல்ட் சதாசிவம்பிள்ளையும் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையும் வளர்ந்தார்கள். முன்பாதி கடல்கடந்து வந்தது. பின்பாதி வீட்டில் வைத்தது. அவர்களுடைய வாழ்க்கையும் அப்படித்தான் இரு பாதியாகக் கிடந்தது.

ஆண்களை மட்டும் பயிற்றுவித்தால் போதாது என்பதை முதலிலேயே உணர்ந்தவர் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார். 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கிற்று. செமினறியில் படித்துக் கிறிஸ்தவனானவன் ஊருக்குப் போய்ச் சைவப் பெண்ணை மணந்தால், சீதனமும் சடங்கும் உறவும் சேர்ந்து அவனைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம். பெண்கல்வியின் வரலாறு என்று நாம் கொண்டாடுவது போதகருக்கு மனைவி தேடிய கதையாகவும் தொடங்கியிருக்கிறது. அது அதன் பெருமையைக் குறைக்காது.

செமினறியின் புகழ் வளர்ந்தது. 1829 மார்ச்சில் வந்த சந்திரகிரகணம் ஊரெல்லாம் பேசப்பட்ட சங்கதி. வட்டுக்கோட்டைப் பஞ்சாங்கக்காரர் விசுவநாத சாஸ்திரியார் கணித்த நேரத்துக்கும் பூவர் கணித்த நேரத்துக்கும் வேறுபாடு இருந்தது. கூட்டம் கூடி, மணிக்கூட்டை வைத்துக்கொண்டு பார்த்தது. பூவர் சொன்ன நேரமே சரியாயிற்று. பஞ்சாங்கம் பிழைத்தால் புராணமும் பிழைக்கும், புராணம் பிழைத்தால் சைவமும் ஆட்டங்காணும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஊரார் வெள்ளைக்காரரின் கணிதம் நல்லது என்று ஏற்றுக்கொண்டார்கள். கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை.

பூவருக்குப் பின் அதிபராக வந்த ஹென்றி ஹொய்சிங்ரன் இன்னும் ஒரு படி போனார். இந்த நாட்டு மக்களின் சமயத்தை வெளியே நின்று ஏளனஞ் செய்வதில் பயனில்லை, உள்ளே போய் அறிய வேண்டும் என்று கருதினார். சைவசித்தாந்த சாத்திரங்களைத் தமிழ் ஆசிரியர்களிடம் பாடங் கேட்டு, சிவஞானபோதம், சிவப்பிரகாசம், தத்துவக்கட்டளை மூன்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1850களில் அமெரிக்கக் கீழைத்தேயச் சங்கத்தின் வெளியீடாக அவை வந்தன. மெய்கண்டாரை மேல்நாட்டாருக்கு அறிமுகஞ் செய்த முதல்வர்களில் ஒருவர், கிறிஸ்தவ ஊழியரைப் பயிற்றுவிக்க வந்த கலாசாலையின் அதிபர்! மாணவனைப் பயிற்றப் புறப்பட்ட ஆசிரியர் தாமே மாணவராகிப்போனதை நான் இதில் காண்கிறேன்.

இதற்கிடையில் நாடு மாறிக்கொண்டிருந்தது. 1833இன் கோல்புறூக் சீர்திருத்தங்களுக்குப் பின் ஆங்கிலந் தெரிந்த உள்ளூரவர்களுக்கு அரசாங்க உத்தியோகக் கதவு திறந்தது. மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. லிகிதர் வேண்டும், நில அளவையாளர் வேண்டும், கணக்குப்பிள்ளை வேண்டும், நீதிமன்றத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். இலங்கை முழுவதிலும் ஆங்கிலமும் கணிதமும் நன்றாகக் கற்ற இளைஞர் கூட்டம் எங்கே கிடைக்கும் என்று பார்த்தால், வட்டுக்கோட்டையில் கிடைத்தது. மிஷன் கொடுத்த சம்பளத்தைவிட அரசாங்கச் சம்பளம் பல மடங்கு. ஊழியத்துக்கென்று வார்த்தெடுத்த பொன் கச்சேரிக்குப் போயிற்று.

ஏறத்தாழ முப்பத்திரண்டு ஆண்டுகளில் அறுநூறுக்கு மேற்பட்டோர் அங்கு படித்தார்கள். அவர்களுள் மிஷன் ஊழியத்தில் நிலைத்தவர்களைவிட அரசாங்க சேவைக்குப் போனவர்களே அதிகம். படிக்கும் காலத்தில் ஞானஸ்நானம் பெற்றுப் பின்னர் விலகியவர்களும், விலக்கப்பட்டவர்களும் பலர். மிஷனரிமார் வந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டாகியும் சபைகளின் தலைமை பெரும்பாலும் வெள்ளையர் கையிலேயே இருந்தது. நம்மவர் உதவியாளர், உபதேசியார், ஆசிரியர் என்ற நிலைகளில் நின்றார்கள். நன்றாகப் படித்தவர் போய்விட்டார். போகாதவரிடம் பொறுப்பைக் கொடுக்க ஐயருக்கு மனமில்லை. ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் பயிற்சி வேண்டும் என்ற பதிலே வந்தது.

இந்த நிலையிலேதான் றூபஸ் அன்டர்சன் வந்தார். ஒல்லியான, கண்டிப்பான, கணக்கில் தவறாத மனிதர் அவர் என்பது அவருடைய எழுத்துகளைப் படிக்கும்போது எனக்குத் தோன்றும் சித்திரம். 1854 இறுதியில் இன்னொரு போதகரான அகஸ்ரஸ் தொம்சனோடு இந்தியா வந்து, பம்பாயிலிருந்து மதுரை வரை தமது சங்கத்தின் நிலையங்களையெல்லாம் பார்வையிட்டு, யாழ்ப்பாணம் சேர்ந்தார். அவரிடம் ஒரு கொள்கை இருந்தது. மிஷனரி ஓரிடத்தில் நிரந்தரமாக இருக்கக்கூடாது. அவன் வரவேண்டும், சிறு சபையை உண்டாக்க வேண்டும், அந்தச் சபைக்கு அந்த ஊரிலேயே பிறந்த ஒருவரைப் போதகராக நியமிக்க வேண்டும், அப்புறம் போய்விட வேண்டும். சபை தன்னைத் தானே ஆள வேண்டும், தன் செலவைத் தானே பார்க்க வேண்டும், தன்னைத் தானே பரப்ப வேண்டும். அதே காலத்தில் இங்கிலாந்தில் சேர்ச் மிஷனரிச் சங்கத்தின் செயலாளர் ஹென்றி வெனும் இதே முடிவுக்கு வந்திருந்தார்.

இந்தக் கொள்கைக்கு வட்டுக்கோட்டை பெருந்தடையாக அன்டர்சனுக்குத் தெரிந்தது. ஆங்கிலக் கல்வி மாணவனைத் தன் சனத்திலிருந்து பிரிக்கிறது. உயர்ந்த சம்பளத்தை எதிர்பார்க்க வைக்கிறது. ஐம்பது குடியானவர்கள் கொண்ட கிராமச் சபை ஒன்று அவனை ஒருபோதும் தாங்காது. ஆகவே அந்தச் சபை என்றென்றும் பொஸ்ரன் பணத்தில் தங்கியிருக்கும். வேதாகமத்தைத் தமிழில் நன்றாகக் கற்ற, தன் ஊராரோடு தோளுரசி வாழக்கூடிய, அவர்கள் கொடுக்கும் நெல்லில் சீவிக்கக்கூடிய ஒருவரே போதும். செமினறியை மூடிவிட்டுத் தமிழில் பயிற்சி கொடுங்கள் என்றார்.

இதைக் கேட்கும்போது நம்முடைய காதுக்கு இனிக்கிறது. தாய்மொழிக் கல்வி, சுயாட்சி, அந்நியப் பணத்தில் தங்கியிராமை. ஆனால் அன்டர்சன் ஒருவரிடம் ஆலோசனை கேட்க மறந்துவிட்டார்: யாழ்ப்பாணத்தவரிடம். என்ன படிக்க வேண்டும் என்று அவர்களிடம் கேட்டிருந்தால் ஆங்கிலம் என்றே சொல்லியிருப்பார்கள். தாய்மொழியில் படி, ஊரோடு இரு, குறைந்த சம்பளத்தில் வாழ் என்று சொன்னவர் அமெரிக்காவில் உயர் கல்லூரிகளில் படித்தவர். கற்ற போதகர்களே தமது நாட்டுச் சபைகளுக்கு வேண்டுமென்று கருதிய மரபில் வந்தவர். உள்ளூர்ச் சபைக்குச் சுதந்திரம் என்ற தீர்மானம் மேலிடத்துக் கட்டளையாகவே இறங்கிற்று. பூவர் பெரிதாகக் கொடுத்தார், கையை விடவில்லை. அன்டர்சன் கையை விடச் சொன்னார், கொடுப்பதைச் சிறிதாக்கினார். இவர்களில் யார் சரி என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் ஒவ்வொரு வயதில் ஒவ்வொரு விடை சொல்லியிருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் படித்த நாட்களில் எனக்கு அன்டர்சனே நாயகர். இன்றைக்கு அவ்வளவு நிச்சயமில்லை.

தமிழில் உயர்ந்த கல்வியைக் கொடுக்க முடியாதா? முடியும் என்று அதே மிஷனில் ஒருவர் செய்து காட்டினார். 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழில் கற்பித்தார். உடற்கூற்றியலையும் இரசாயனத்தையும் இரணவைத்தியத்தையும் தமிழ் நூல்களாக்கினார். அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் வைத்தியர்கள் அவரிடம் பயின்றார்கள். ஆனால் கிறீன் தமிழைத் தேர்ந்தது சம்பளத்தைக் குறைப்பதற்காகவன்று. எல்லாவற்றையும் தமிழில் சொல்லலாம் என்ற நம்பிக்கையில் தேர்ந்தார். அவர் பாடத்தைச் சிறிதாக்கவில்லை. அன்டர்சனின் தமிழுக்கும் கிறீனின் தமிழுக்கும் உள்ள வேறுபாடு அதுவே.

செமினறி மூடியபின் என்ன நடந்தது? சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டபோது, அதன் முதலாவது பட்டதாரிகளாக வந்த இருவருமே வட்டுக்கோட்டை மாணவர்: கரோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை. தாமோதரம்பிள்ளை வீரசோழியத்தையும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த கதை தமிழுலகம் அறிந்தது. இருவரும் சைவத்துக்கே திரும்பினர். மாறாக, ஆனல்ட் சதாசிவம்பிள்ளை கடைசிவரை கிறிஸ்தவராயிருந்து உதயதாரகையை நடத்தினார். பாவலர் சரித்திர தீபகத்தை எழுதினார். 1841இல் தொடங்கிய அந்தப் பத்திரிகையின் முதல் ஆசிரியர்களான ஹென்றி மாட்டினும் சேத் பேசனும் செமினறியில் படித்தவர்களே. எங்கள் தொழிலின் மூதாதையர் போதகராகப் பயிற்றப்பட்டவர்கள் என்பதை நினைத்து நான் சில வேளைகளில் சிரித்துக்கொள்வதுண்டு. நியாய இலக்கணம் எழுதிய நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையின் மகன் நெவின்ஸ் செல்வத்துரை பிற்காலத்தில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் அதிபரானார். கிறிஸ்தவத் தலைவர்களை உருவாக்கப் போட்ட வித்து இந்துக் கல்லூரியில் காய்த்தது.

மிஷன் 1859இல் தமிழ்வழிப் பயிற்சி நிறுவனம் ஒன்றை வட்டுக்கோட்டையில் தொடங்கியது. அது சிறிதாகவே இருந்தது. ஆங்கிலக் கல்வி வேண்டுமென்று மக்கள் விடாமற் கேட்டனர். உள்ளூரில் பணஞ் சேர்த்தனர். 1872இல் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது. இம்முறை அதன் பணிப்பாளர் சபையில் நம்மவர்களும் இருந்தனர். அன்டர்சன் கேட்ட சுய ஆதரவு அன்டர்சன் வேண்டாமென்ற ஆங்கிலத்துக்காகவே முதன்முதலில் திரண்டது.

ஆபிரிக்காவில் இதே நாடகம் இன்னும் கொடுமையாக நடந்தது. யொரூபா நாட்டில் பிறந்து, சிறுவனாக 1821இல் அடிமையாகப் பிடிபட்டு, பிரித்தானியக் கடற்படையால் மீட்கப்பட்டுச் சியரா லியோனில் இறக்கப்பட்ட சாமுவேல் அஜாயி குறவுதர், 1827இல் தொடங்கிய பூராபே கல்லூரியின் முதல் மாணவர்களில் ஒருவர். ஹென்றி வென் அவரை முன்னிறுத்தினார். 1864இல் கன்ரபறியில் ஆயராக அபிஷேகம் பெற்றார். நைஜர் நதிப் பிரதேசத்தில் ஆபிரிக்கர் மட்டுமே நடத்திய மிஷன் அவருடையது. 1873இல் வென் இறந்தார். பின்னர் வந்த இளம் ஆங்கிலேய மிஷனரிமார், 1890இல் ஒரு விசாரணைக் குழுவாக அமர்ந்து, முதிய ஆயரின் கண்முன்னாலேயே அவருடைய ஊழியர்களை ஒவ்வொருவராக நீக்கினார்கள். 1891 டிசெம்பர் 31இல் குறவுதர் இறந்தார். அவருடைய இடத்துக்கு ஒரு வெள்ளையரே நியமிக்கப்பட்டார். பயிற்சி போதவில்லை என்று அவரைப் பற்றி எவரும் சொல்லியிருக்க முடியாது. வேதாகமத்தை யொரூபாவில் பெயர்த்த தலைமகன் அவர். குறை பயிற்சியில் இல்லை. அதிகாரத்தைக் கைவிட வேண்டியவர்களின் மனத்தில் இருந்தது.

மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு வருகிறேன், ஏனெனில் இங்கே ஒரு சிறு சம்பவம் நடந்தது. 1900இல் யாழ்ப்பாணத்து மாணவர்கள் தாங்களே ஒரு மிஷனரிச் சங்கத்தை அமைத்தார்கள். பாக்கு நீரிணைக்கு அப்பால் தொண்டிப் பகுதிக்குத் தங்கள் பணத்தில் ஊழியரை அனுப்பினார்கள். 1902இல் வை.எம்.சி.ஏ. இயக்கச் செயலாளராக இருந்த திருநெல்வேலித் தமிழர் ஒருவர் இங்கு வந்தபோது இதைக் கண்டார். வெள்ளாளன்விளையில் ஒரு கிராமப் போதகருக்கு மகனாகப் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அவர். எங்களூரில் இத்தனை ஆயிரங் கிறிஸ்தவர் இருந்தும் நாம் இப்படி ஒன்றும் செய்யவில்லையே என்ற வெட்கத்தோடு அவர் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டு, 1903 பெப்ரவரியில், திருநெல்வேலி இந்திய மிஷனரிச் சங்கம் பிறந்தது. தமிழர் பணம், தமிழர் நிர்வாகம், தமிழ் மிஷனரி; போனது தெலுங்கு நாட்டுக்கு, ஐதராபாத் நிசாமின் ஆட்சியிலிருந்த டோர்ணக்கல்லுக்கு.

1909இல் அசரியாவே அங்கே போனார். தெலுங்கு கற்றார். பிற பண்பாட்டில் போய்ப் பயிற்றுவிப்பவன் என்ற இடத்தில் இப்போது ஒரு தமிழன் நின்றான் என்பதைக் கவனியுங்கள். 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் அவர் பேசினார். மிஷனரிமாரின் தியாகத்தை மதித்துவிட்டு, பணமும் உழைப்பும் தந்தீர்கள், ஆனால் உங்களுடைய வீட்டு மேசையில் எங்களுக்கு இடமில்லையே, எங்களுக்கு வேண்டியது நட்பு என்ற கருத்தை நேர்முகமாகச் சொன்னார். கேட்டிருந்தவர்களில் பலர் கோபங்கொண்டார்கள். பூவர் காலத்தில் மாணவன் ஐயர் வீட்டில் உண்ண மறுத்தான். அசரியா காலத்தில் ஐயர் தம் மேசையில் இடங்கொடுக்கவில்லை. எண்பது ஆண்டுகளில் கிணறு இடம் மாறிவிட்டது.

1912இல் அசரியா டோர்ணக்கல்லின் ஆயரானார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியரான முதல் ஆயர். அவருடைய மறைமாவட்டத்தில் சேர்ந்தவர்களிற் பெரும்பாலோர் மாலர், மாதிகர் என்ற, ஒடுக்கப்பட்ட சாதியினரான தெலுங்குக் கூலிவிவசாயிகள். அவர்களிலிருந்தே கிராம ஆசிரியரும் போதகரும் வரவேண்டும் என்று நின்றார். கணவனை மட்டும் அழைக்காமல் மனைவியையும் சேர்த்தே பயிற்றுவித்தார். படிப்போடு வயல்வேலையும் கைத்தொழிலும் இருந்தன. அவருடைய மனைவி அன்பு மாரியம்மாளுக்கு இதில் பெரும் பங்குண்டு. பயிற்சி பெற்றவர் தெலுங்கில், கிராமத்துப் பாட்டு மெட்டில், இரவுக் கூட்டங்களில் கற்பித்தார். 1939இல் டோர்ணக்கல்லில் திறக்கப்பட்ட பேராலயத்தைப் படத்தில் பார்த்தாலே அவர் மனம் தெரியும்: பள்ளிவாசலின் குவிமாடமும் கோயிலின் தூணும் தேவாலயத்தில் கூடியிருக்கும். அசரியாவிடமும் குறையில்லாமலில்லை. தந்தையைப் போல ஆண்டவர். மக்களைத் திருத்துவதில் மிஷனரிமாரைவிடக் கண்டிப்பானவர் என்று சொல்வோருண்டு. 1945 ஜனவரி முதலாந் திகதி காலமானார். ஆனால் அன்டர்சன் கடிதத்தில் எழுதியதையும் பூவர் கனவில் கண்டதையும் சேர்த்து ஓரிடத்தில் நடத்திப் பார்த்தவர் என்று எனக்குத் தெரிந்த வரையில் அவரைத்தான் சொல்வேன்.

பின்னர் நடந்தவை விரைவாகச் சொல்லக்கூடியவை. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அமெரிக்க மிஷனின் யாழ்ப்பாணச் சபைகள் அதில் ஒரு மறைமாவட்டமாயின. முதல் ஆயர் சபாபதி குலேந்திரன். வட்டுக்கோட்டையின் பழைய கோயிலே பேராலயமாயிற்று. ஐயர்மார் வந்து நூற்றுமுப்பத்தொரு ஆண்டு சென்றுவிட்டது. கிருபை என்ற கோட்பாட்டை இந்து சமயத்திலும் கிறிஸ்தவத்திலும் ஒப்பிட்டு அவர் எழுதிய நூலைப் படிப்பவர்களுக்கு ஹொய்சிங்ரனின் வகுப்பு நினைவுக்கு வரும். 1948இல் அம்ஸ்ரடாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் தொடங்கியபோது, எடின்பரோ மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய முதியவர் ஜோன் மொற்றோடு மேடையில் நின்று பேசியவர் யாழ்ப்பாணத்தவரான டி. ரி. நைல்ஸ். நைல்ஸ் என்பதும் அமெரிக்க மிஷன் காலத்தில் நம்மூருக்கு வந்த பெயரே. 1963இல் பிலிமத்தலாவையில் இலங்கை இறையியல் கல்லூரி திறக்கப்பட்டது. சிங்களத்திலும் தமிழிலும் ஒரே கூரையின் கீழ் ஊழியரைப் பயிற்றுவிப்பது அதன் நோக்கம். இந்த நாட்டில் அதன்பின் நடந்தவற்றை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு கடினமான காரியம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வட்டுக்கோட்டைக்குப் போயிருந்தபோது ஓய்வுபெற்ற போதகர் ஒருவரைச் சந்தித்தேன். தகப்பனார் தமிழ் மட்டும் படித்த உபதேசியார். இவர் ஆங்கிலத்தில் இறையியல் படித்தவர். யுத்த காலத்தில் வன்னியில் மரத்தடியில் சபை நடத்தியவர். ஓய்வுபெற்ற பின் பிள்ளைகளோடு ரொறன்ரோவில் மூன்று வருடம் இருந்து, அங்கொரு தமிழ்ச் சபைக்கு உதவியிருக்கிறார். பேராலயத்தின் விறாந்தையில் வாங்கிலில் இருந்தபடி பூவரையும் அன்டர்சனையும் பற்றி நான் கேட்ட கேள்விகளை எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, அங்கை நான் ஒவ்வொரு ஞாயிறும் பிரசங்கத்தை இரண்டுதரம் எழுத வேணும். முன் வாங்கிலிலை இருக்கிற கிழவியளுக்குத் தமிழிலை. பின் வாங்கிலிலை இருக்கிற பேரப்பிள்ளையளுக்கு இங்கிலீசிலை. கிழவியள் சொல்லுவினம், ஐயா தமிழை விட்டிட்டால் நாங்கள் வரமாட்டம் எண்டு. பிள்ளையள் ஒண்டும் சொல்லாதுகள், வராமல் விட்டிடுங்கள்" என்றார்.

பிறகு எந்த மொழியில் அந்தச் சபைக்கு அடுத்த போதகரைத் தேடுகிறார்கள் என்று கேட்டேன். யாழ்ப்பாணத்துக்கு எழுதியிருக்கிறார்கள், இங்கே படித்த ஒருவரை அனுப்பும்படி என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி ஆறுகிறது, குடியுங்கோ என்றார்.